புது ஃபர்னஸ்: சில நிமிடத்தில் பர்னர் அணைகிறது, ப்ளோவர் மட்டும் ஓடுகிறது. எங்கே பார்ப்பது?

இளவேனில்22

வணக்கம். வீட்டைச் சூடாக்கும் பழைய 80 சதவீதத் திறன் ஃபர்னஸைக் கழற்றிவிட்டு, அதே டக்டில் (காற்றுக் குழாயில்) மணிக்கு 80,000 பி.டி.யூ (வெப்ப அலகு) உள்ளீடு, 96 சதவீதத் திறன் உள்ள கண்டென்சிங் (புகையின் நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் எடுக்கும்) ஃபர்னஸ் போட்டிருக்கிறது. இயற்கை எரிவாயு, ஒரே ஸ்டேஜ். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஒழுங்காகப் பற்றிக்கொள்கிறது. ஏழெட்டு நிமிடம் எரிந்ததும் பர்னர் அணைந்துவிடுகிறது, ப்ளோவர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திரும்பப் பற்றும். இப்படியே போகிறது, வீடு செட் பண்ணிய அளவுக்கு வருவதே இல்லை.

கண்ட்ரோல் போர்டு விளக்கு சிமிட்டுவதைக் கதவில் ஒட்டியிருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டால் 'லிமிட் ஓப்பன்' (சூடு மீறினால் திறந்து கேஸை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச்) என்று வருகிறது. ரிட்டர்ன் காற்று (வீட்டிலிருந்து ஃபர்னஸுக்குத் திரும்புவது) 68 டிகிரி ஃபாரன்ஹீட், சப்ளை (சூடாகி வெளியே போவது) 142. ஃபில்டர் 16×25, ஒரு இன்ச் தடிமன், மெர்வ் (தூசி வடிக்கும் திறன் அளவு) 13, புத்தம் புதுசு. லிமிட் ஸ்விட்ச்சை மாற்றினால் சரியாகுமா? மாடல் எண் பார்த்து வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

நீலச்சுடர்

வாங்காதீர்கள். ஸ்விட்ச் தன் வேலையைத்தான் செய்கிறது.

68-ல் உள்ளே போய் 142-ல் வெளியே வந்தால் ஏற்றம் 74 டிகிரி. ரேட்டிங் ஸ்டிக்கரில் 'ஏர் டெம்பரேச்சர் ரைஸ்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். இந்த அளவு ஃபர்னஸில் பெரும்பாலும் 35–65 என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (நெருப்பின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகக் கூடு) அளவுக்கு மீறிச் சூடாகும், லிமிட் திறந்து கேஸ் வால்வை மூடும், உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்ற போர்டு ப்ளோவரை ஓடவிடும். நீங்கள் சொல்வது எழுத்துக்கு எழுத்து அதுதான்.

ஏற்றம் கூடுவதற்கு இரண்டே வழி: நெருப்பு அதிகம், அல்லது காற்று குறைவு. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எது என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். வேண்டியவை:

1. கேஸ் வால்வின் இன்லெட் (வால்வுக்குள் வரும்), மேனிஃபோல்டு (வால்விலிருந்து பர்னர்களுக்குப் போகும்) அழுத்தங்கள்.
2. கேஸ் மீட்டரில் முள் ஒரு சுற்று வர எத்தனை வினாடி.
3. ஸ்டேட்டிக் அழுத்தம் (டக்டில் காற்று சந்திக்கும் தடையைக் காட்டுவது): ஃபில்டருக்கு முன், ஃபில்டருக்கும் ப்ளோவருக்கும் நடுவே, ஃபர்னஸுக்கு மேலே ஏசி காயிலுக்கு, அதாவது காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளுக்குக் கீழே, காயிலுக்கு மேலே. நான்கு இடம்.

சப்ளை வெப்பத்தை எங்கே அளந்தீர்கள்? ஹீட் எக்ஸ்சேஞ்சர் நேராகப் பார்க்கும் இடத்தில் தெர்மாமீட்டரைச் செருகினால் கதிர்வீச்சுச் சூடும் சேர்ந்து அளவு கூடிவிடும். ஒரு வளைவு தாண்டி, மெயின் டக்டில் அளக்க வேண்டும். அதுவும் பத்துப் பதினைந்து நிமிடம் எரிந்த பிறகு. உங்களுக்கு அதற்குள் லிமிட் போய்விடுகிறது, அதனால் அணைவதற்குச் சற்று முன்னால் வரும் அளவைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. யாராவது 'லிமிட் ஒயர் ரெண்டையும் சேர்த்துக் கட்டிப் பாருங்க' என்று சொன்னால் செய்யவே கூடாது. டெஸ்டுக்குக்கூட.

மீட்டர்முள்

கேஸ் பக்கம் அளக்கும் முறை. பல இடங்களில் இதற்கு உரிமம் பெற்றவர்தான் கைவைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊர் விதி அப்படியானால் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வால்வை ஆஃப் செய்து, அதற்கு முன்னால் இருக்கும் கை வால்வையும் மூடிவிட்டு, அவுட்லெட் பக்கம் இருக்கும் 1/8 இன்ச் பிளக்கைக் கழற்றி மனோமீட்டர் (அழுத்தமானி) குழாயை மாட்டுங்கள். சில வால்வில் பிளக் இருக்காது, ஒரு சின்ன ஆலன் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குழாயைச் செருகினால் போதும். ஓடவிட்டுப் பாருங்கள். இயற்கை எரிவாயுவுக்கு 3.5 இன்ச் வாட்டர் காலம் (நீர்மட்ட உயரத்தில் சொல்லும் அழுத்த அலகு) வர வேண்டும் (புரொப்பேனுக்கு 10). அளவை மாற்ற வேண்டுமென்றால் மூடி ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரெகுலேட்டர் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்: வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் குறையும். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். மூடியைத் திரும்ப மாட்டிய பிறகு வரும் அளவுதான் கணக்கு.

இன்லெட்டை வீட்டில் உள்ள எல்லா கேஸ் சாதனமும் எரியும்போது அளக்க வேண்டும். எல்லாம் அணைந்திருக்கும்போது 7 காட்டிவிட்டு, வாட்டர் ஹீட்டரும் அடுப்பும் சேர்ந்து எரியும்போது 4.5-க்கு விழுந்தால் பைப் அளவு போதவில்லை என்று அர்த்தம். குறைந்தபட்சம் எவ்வளவு என்பது ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

மீட்டர் கணக்குக்கு நேர் எதிர்: ஃபர்னஸைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், பைலட் உட்பட. 2 கன அடி டயல் ஒரு சுற்று வரும் வினாடியைக் குறியுங்கள். 3600-ஐ 2-ஆல் பெருக்கி அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கன அடி என்று வரும். அதைக் கேஸின் வெப்ப மதிப்பால் பெருக்கினால் உள்ளீடு. மதிப்பு கேஸ் பில்லில் இருக்கும், கன அடிக்குச் சுமார் 1030 பி.டி.யூ.

முடிந்ததும் பிளக்கைப் பூட்டி, ஃபர்னஸ் எரியும்போதே சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அணைந்திருக்கும்போது வால்வுக்கு அந்தப் பக்கம் அழுத்தமே இருக்காது, நுரை எதையும் காட்டிக் கொடுக்காது.

இளவேனில்22

உரிமம் உள்ளவரை வைத்து அளந்தாயிற்று. ஸ்டிக்கரில் ரைஸ் 35–65, ஸ்டேட்டிக் உச்சவரம்பு 0.5 இன்ச் வாட்டர் காலம்.

இன்லெட் எல்லாம் எரியும்போது 6.6. மேனிஃபோல்டு 3.9. மீட்டர் 2 கன அடிக்கு 88 வினாடி.

ஸ்டேட்டிக்: ஃபில்டருக்கு முன் −0.20, ஃபில்டருக்குப் பின் −0.52, காயிலுக்குக் கீழே +0.30, காயிலுக்கு மேலே +0.12. ப்ளோவர் ஹீட்டிங் வேகம் 'மீடியம்' டேப்பில் (வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பில்) இருக்கிறது. மோட்டார் ஈ.சி.எம். (மின்னணுக் கட்டுப்பாடு உள்ளது), ஐந்து டேப்.

வெப்பத்தை வளைவு தாண்டி அளந்தாலும் அதே 142 தான். மேனிஃபோல்டை 3.0-க்கு இறக்கினால் ஏற்றம் குறைந்துவிடும் அல்லவா? அதோடு விட்டுவிடலாமா?

மீட்டர்முள்

3.0 வேண்டாம். பொதுவாக 3.2-லிருந்து 3.8 வரைதான் அனுமதி. அதற்குக் கீழே போனால் ஒரு பர்னரிலிருந்து அடுத்த பர்னருக்குச் சுடர் தாவத் திணறும், தாமதமாகப் பற்றி 'டப்' என்று சத்தம் வரும். முதல் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலேயே ஈரம் கோத்துத் துருப்பிடிக்கவும் தொடங்கும். நீரைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது இரண்டாவதுதான்.

உங்கள் 88 வினாடி: மணிக்கு 81.8 கன அடி, 1030-ஆல் பெருக்கினால் சுமார் 84,300. ஐந்து சதவீதம் அதிகம். 3.9 காட்டும் மேனிஃபோல்டும் அதையே சொல்கிறது, ஏனென்றால் கேஸ் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு அளவும் ஒத்துப்போவதால் பர்னர் ஆரிஃபிஸ் (கேஸ் வரும் துளை) சரியான சைஸ்தான் என்றும் தெரிகிறது. 3.5-க்குக் கொண்டுவந்தால் 93 வினாடி வரும், 80,000-ல் நிற்கும்.

நீலச்சுடர்

அதோடு பிரச்சினை தீராது. கணக்கு பாருங்கள்.

காற்றின் அளவு = வெளியீடு ÷ (1.08 × ஏற்றம்). இப்போதைய வெளியீடு 84,300-ல் 96 சதவீதம், சுமார் 80,900. அதை 1.08 × 74-ஆல் வகுத்தால் 1,010 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி). கேஸைச் சரிசெய்தால் வெளியீடு 76,800 ஆகும். அதே காற்றுக்கு ஏற்றம் 70. இன்னமும் 65-க்கு மேலேதான். ஏற்றம் 60-க்கு வர 1,185 சி.எஃப்.எம். வேண்டும்.

ஆக, முதல் குற்றவாளி காற்று. 0.52-ம் 0.30-ம் கூட்டினால் மொத்த ஸ்டேட்டிக் 0.82. வரம்பு 0.5. அதில் ஃபில்டர் மட்டும் 0.32-ஐ விழுங்குகிறது. 16×25 என்றால் 2.78 சதுர அடி, 1,010 சி.எஃப்.எம். அதில் நுழையும்போது நிமிடத்துக்கு 360 அடி வேகம். ஒரு இன்ச் மெர்வ் 13-க்கு இது மிக அதிகம். பழைய ஃபர்னஸிலும் ஏறக்குறைய இதே தடை இருந்திருக்கும், ஆனால் அதன் ரைஸ் வரம்பு வேறாக இருந்திருக்கலாம், ஃபில்டரும் சாதாரண ஃபைபர்கிளாஸாக இருந்திருக்கலாம்.

தகரவேலை

டேப்பை மட்டும் உயர்த்திவிடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள், அதற்கு முன் ஒரு வார்த்தை. டக்டின் தடை காற்றின் வர்க்கத்தில் ஏறும். 1,010-லிருந்து 1,185-க்குப் போனால் காற்று 17 சதவீதம்தான் கூடுகிறது, ஸ்டேட்டிக் 37 சதவீதம் கூடும். உங்கள் 0.82, 1.1-ஐத் தாண்டும். ஈ.சி.எம். மோட்டார் முக்கி முனகிச் சுற்றும், கரண்ட் இழுக்கும், ரிட்டர்ன் கிரில் விசில் அடிக்கும், கேட்ட காற்று மட்டும் வராது. முதலில் தடையை எடுங்கள், பிறகு டேப்.

வரிசை இது. ஃபில்டர்: 20×25, நான்கு இன்ச் மீடியா கேபினெட் (தடித்த ஃபில்டர் வைக்கும் பெட்டி), ரிட்டர்ன் டிராப்புக்கும் (ரிட்டர்ன் காற்று இறங்கி வரும் டக்ட்) ஃபர்னஸுக்கும் நடுவே. அகலம் ஒத்துவர ஒரு தகர டிரான்சிஷன் அடிக்க வேண்டியிருக்கும். அடுத்து காயில்: கீழே 0.30, மேலே 0.12, அப்படியானால் காயிலில் மட்டும் 0.18 போகிறது. உலர்ந்த காயிலுக்கு இந்தக் காற்றில் இது அதிகம். பழைய காயிலை அப்படியே வைத்துத்தானே ஃபர்னஸை மாற்றினார்கள்? ப்ளீனத்தில் (ஃபர்னஸை ஒட்டிய பெட்டி டக்டில்) சின்னத் தகடு ஒன்றைக் கழற்றி, கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக் காயிலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும். தூசி ஒட்டுவதெல்லாம் காற்று வந்து மோதும் அடிப்பக்கத்தில்தான். மூன்றாவது, மூடிவைத்த ரெஜிஸ்டர்கள் (அறைகளில் காற்று வரும், மூடித் திறக்கும் கிரில்கள்). எத்தனை மூடியிருக்கிறீர்கள்?

ஸ்டேட்டிக்குக்கு ஓட்டை போட்ட இடங்களை மூடிவிட்டீர்கள்தானே. காயில் பக்கம் துளைக்கும்போது டிரில்லுக்கு ஒரு ஸ்டாப்பர் போட்டுக்கொள்ளாமல் துளைத்து ரெஃப்ரிஜெரன்ட் குழாயைக் குத்துபவர்கள் ஏராளம்.

குளிர்மனை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் ஃபர்னஸும் அணைகிறது, ஆனால் பற்றிய நாலைந்து வினாடியிலேயே. மூன்று முறை முயன்று லாக்-அவுட். இதுவும் லிமிட்டா?

நீலச்சுடர்

இல்லை சார், நாலைந்து வினாடியில் லிமிட் சூடாகவே ஆகாது. சுடர் இருக்கிறது என்று போர்டுக்குத் தெரியவில்லை. ஃப்ளேம் சென்சார் கம்பியைக் கழற்றி, மெல்லிய ஸ்டீல் வூல் வைத்துத் தேய்த்துத் துடையுங்கள். முரட்டு உப்புத்தாள் வேண்டாம், கீறலில் படிவு சீக்கிரம் ஏறும். மாட்டியபின் மீட்டரை மைக்ரோஆம்ப் டி.சி.யில் வைத்து, சென்சார் ஒயரில் தொடராக இணைத்து அளங்கள். ஒன்றுக்கு மேல் நிலையாக நின்றால் பெரும்பாலும் போதும். சரியான எண் உங்கள் மேனுவலில். சுத்தம் செய்தும் ஏறவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். அந்தக் கரண்ட் சுடர் வழியாகப் பர்னர் உடம்புக்குப் போய் எர்த்தில்தான் சுற்றை முடிக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் பல போர்டுகள் சுடரை உணராது. பக்கத்தில் இருக்கும் இக்னைட்டர் தட்டை விரலால் தொட்டுவிடாதீர்கள்.

இளவேனில்22

காயிலின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம், நகத்தால் உரித்தால் துண்டு துண்டாக வருகிறது. ஃபின்னே கண்ணுக்குத் தெரியவில்லை. மென்மையான பிரஷ், வாக்யூம், பிறகு காயில் க்ளீனர் போட்டுச் சுத்தம் செய்தாயிற்று. மூடியிருந்த மூன்று ரெஜிஸ்டர்களையும் திறந்துவிட்டோம். நான்கு இன்ச் கேபினெட் வந்துவிட்டது. மேனிஃபோல்டு 3.5, மீட்டர் 93 வினாடி. டேப் 'மீடியம்-ஹை'.

இப்போது: ஃபில்டருக்கு முன் −0.27, பின் −0.41, காயிலுக்குக் கீழே +0.24. மொத்தம் 0.65. ஏற்றம் 60. அரை மணி நேரம் தொடர்ந்து எரிந்தும் லிமிட் போகவில்லை.

தகரவேலை

0.65 இன்னமும் வரம்புக்கு மேல், ஆனால் காற்று வருகிறது. ரைஸ் வரம்புக்குள் நிற்கிறது. மிச்சம் இருப்பது ரிட்டர்ன். ஃபில்டருக்கு முன்னாலேயே 0.27 போவது ஒற்றை ரிட்டர்ன் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது ரிட்டர்ன் ஒன்று இழுத்தால் 0.5 பக்கம் வந்துவிடும், ஏசி ஓடும் பருவத்திலும் அதுதான் கைகொடுக்கும். ஏசி ஓடும்போது காயில் நனைந்து தடை இன்னும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

மீட்டர்முள்

கேஸைத் தொட்டாயிற்று என்பதால் புகை அளவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். வென்ட்டில் கார்பன் மோனாக்சைடு, காற்றைக் கழித்த கணக்கில், 100 பி.பி.எம்.-க்குக் கீழே, ஏறாமல் நிலையாக நிற்க வேண்டும்.

பழையது 80 சதவீதம் என்றீர்கள். அப்படியானால் அது புகைபோக்கியில் போயிருக்கும், வாட்டர் ஹீட்டரும் அதே புகைபோக்கியில்தான் இருக்கும். இப்போது ஃபர்னஸின் புகை பி.வி.சி. குழாய்க்குப் போய்விட்டதால் வாட்டர் ஹீட்டர் மட்டும் தனியாக அந்தப் பெரிய புகைபோக்கியில் நிற்கிறது. அதன் சூடு போதாமல் புகை உள்ளேயே குளிர்ந்து ஈரம் கோக்கும், இழுவை குறையும், புகை வீட்டுக்குள் திரும்பும். புகைபோக்கிக்குள் லைனர் (சிறிய உள்குழாய்) போட்டார்களா? பி.வி.சி. குழாயும் அடிக்கு கால் இன்ச் வீதம் ஃபர்னஸை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று லெவல் வைத்துப் பாருங்கள். நடுவில் தொய்ந்தால் தண்ணீர் நின்று அடுத்து ப்ரெஷர் ஸ்விட்ச் கோட் வரும்.

இளவேனில்22

சரிவு சரியாக இருக்கிறது. லைனர் போடவில்லை. வாட்டர் ஹீட்டர் எரியும்போது ஹூட் (அதன் மேலே புகை புகைபோக்கிக்குள் நுழையும் வாய்) பக்கத்தில் ஊதுவத்தி பிடித்துப் பார்த்தோம், புகை உள்ளே இழுபடாமல் வெளியே தள்ளப்படுகிறது.

மீட்டர்முள்

அப்படியானால் வாட்டர் ஹீட்டரை இப்போதே அணைத்து, அதன் கேஸ் வால்வையும் மூடுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். லைனர் போட்டு, கதவு ஜன்னல் மூடி, எக்ஸாஸ்ட் ஃபேன்கள் எல்லாம் ஓடும்போதும் ஹூட்டில் புகை உள்ளே இழுபடுகிறது என்று பார்க்கும் வரை திரும்பப் பற்றவைக்க வேண்டாம். படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றே ஒன்று மாட்டுங்கள். தலைவலி, குமட்டல் யாருக்காவது வந்தால் வெளியேறிவிட்டு அங்கிருந்தே அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.