புதுப்பிப்பு: அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டோம்

நான்கு பேராக 38 அடிப் பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடக்கப் போகிறோம் என்று கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து எழுதியிருந்தேன். ஏறக்குறைய 2,700 கடல் மைல் கடந்து கரீபியன் தீவான செயின்ட் லூசியா வந்து சேர்ந்துவிட்டோம். எல்லோரும் நலம்.

தூங்குவது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் காவல், மற்றவர்களுக்கு உறக்கம். காற்று பின்னாலிருந்து வீசுவதால் படகு ஓயாமல் இடமும் வலமும் உருளும். படுக்கை ஓரத்தில் துணித் தடுப்பு கட்டாவிட்டால் தரையில்தான் கிடப்போம். அடுப்பு ஊசலாடும் அச்சில் தொங்குவதால் கஞ்சி சிந்தாமல் தப்பியது.

“வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு” என்பது பழைய மாலுமிகளின் வாக்கு. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகள் பக்கம் இறங்கிய பிறகுதான் எங்களுக்கும் படகை மேற்கே தள்ளிச் செல்லும் வியாபாரக் காற்று நிலையாகக் கிடைத்தது.

புயலைவிட எனக்குக் கவலை தந்தது கயிற்றின் தேய்மானம்தான். கப்பியில் ஒரே இடத்தில் இரவும் பகலும் உரசியதில், பெரிய பாயைத் தூக்கி நிறுத்தும் கயிற்றின் மேலுறை பிரிந்து உள்நார் பஞ்சு பஞ்சாக வெளியே வந்துவிட்டது. பாயை இறக்கி, தேய்ந்த பகுதியை வெட்டிவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டுக் கட்டினோம். அதன்பின் தினமும் காலையில் கயிற்றைச் சற்றே இழுத்தோ தளர்த்தியோ உரசும் இடத்தை மாற்றினோம். கடக்கப் போகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

தண்ணீர் மிஞ்சியது, பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவியது கைகொடுத்தது. விடிந்தால் தளத்தில் பறந்துவந்து விழுந்த கோலா மீன்கள் கிடக்கும். கடலில் மிதக்கும் சர்காசம் பாசி சுக்கானில் சுற்றிக்கொண்டதைத் தனியாக எழுதுகிறேன்.