இ-பாஸ் எண்ணிக்கையைக் கோர்ட் முடிவு செய்யலாமா?

குன்னூர் ஸ்டீயரிங்:
எங்கள் பிழைப்பே சீசன் இரண்டு மாசம்தான். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும் என்றார்கள், சரி, தலைக்கணக்கு எடுக்கிறார்கள் என்று விட்டுவிட்டோம். 2025 ஏப்ரலில் உச்சவரம்பே வந்தது. நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இதைக் கலெக்டர் சொல்லியிருந்தால் மனு கொடுக்கலாம், எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்கலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவவாவது செய்யலாம். சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சட்டம் போடச் சட்டமன்றம், நடத்த அரசு, தீர்ப்புச் சொல்ல கோர்ட் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

கோத்தகிரி பச்சைத்தேயிலை:
பள்ளிக்கூடத்தில் பாதிதான் சொன்னார்கள் அண்ணே. அமெரிக்காவில் மந்திரியாக இருப்பவர் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் உறுப்பினராக இருக்க முடியாது. இங்கே தலைகீழ், மந்திரியானவர் ஆறு மாதத்துக்குள் சபை உறுப்பினர் ஆகாவிட்டால் பதவியே போச்சு. அரசும் சட்டமன்றமும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. அதனால்தான் தட்டிக் கேட்க ஒரு ஆள் வெளியே வேண்டும். அரசுக்கே ஆணையிட உயர் நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் கோத்தகிரி மலைப்பாதையில் உள்ள குஞ்சப்பனையில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவன் நான், அப்போது எந்த அரசாணை வந்தது? நீலகிரிப் பதிவெண் உள்ள உங்கள் டி.என்.43 வண்டிக்கு இ-பாஸிலிருந்து விலக்கும் உண்டு.

குன்னூர் ஸ்டீயரிங்:
வண்டிக்கு விலக்கு உண்டு தம்பி, அதில் ஏற வேண்டிய டூரிஸ்டுக்கு?

கூடலூர்க்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மூன்று தூண்களும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரை விட்டால் வேறு உதாரணம் இல்லை. 1969-இல் கூடலூர் ஜென்ம நிலங்களை, அதாவது ஜென்மிகள் பரம்பரையாக வைத்திருந்த நிலவுடைமையை, ஒழிக்கச் சட்டமன்றம் சட்டம் போட்டது. அதில் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது செல்லாது, அது நிலச்சீர்திருத்தம் ஆகாது என்று 1972-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் விடுமா? 1974-இல் 34-ஆவது திருத்தம் கொண்டுவந்து, அந்தச் சட்டத்தை முழுசாகத் தூக்கி ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அங்கே வைத்தால் அடிப்படை உரிமையைக் காட்டிக் கோர்ட் கைவைக்க முடியாது என்று நினைப்பு. வழக்கு ஒன்பது நீதிபதிகள் வரை போனது. அடிப்படைக் கட்டமைப்பு என்ற கோட்பாட்டைத் தந்த கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணைக்குள் போன எந்தச் சட்டத்தையும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று பார்ப்போம் என்று 2007 ஜனவரியில் சொன்னார்கள். ஐ.ஆர். கோயெல்ஹோ வழக்கு, இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிப்பது. படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது கூடலூர்த் தகராறு என்று தெரியுமோ!

கோத்தகிரி பச்சைத்தேயிலை:
அப்படிப் போடுங்கள். கோர்ட் இல்லாவிட்டால் அட்டவணைக்குள் எதையும் ஒளித்து வைத்திருப்பார்கள்.

குன்னூர் ஸ்டீயரிங்:
அது எனக்குச் சாதகம் தம்பி, நன்றாகப் படித்துப் பாருங்கள். அங்கே மற்றவர் போட்ட சட்டத்தைக் கோர்ட் எடை போட்டது. இங்கே எடைக்கல்லையே கோர்ட் செய்து வைக்கிறது. மலை எத்தனை வண்டி தாங்கும் என்று சென்னை ஐ.ஐ.டி.யும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, முடிவுக்கு முன்னாலேயே எண் போட்டால் எப்படி?

கோத்தகிரி பச்சைத்தேயிலை:
இடைக்கால ஏற்பாடுதானே, அதுவரை மலை காத்திருக்குமா?

கூடலூர்க்காரன்:
இடைக்காலம் என்ற சொல்லை எங்களிடம் சொல்லாதீர்கள். அந்த 1969 சட்டத்தின் செக்‌ஷன் 17 நிலத்தில் இன்றும் பட்டா இல்லாமல் குடியிருக்கிறோம். அரசைக் கேட்டால் கோர்ட் என்பார்கள்.

குன்னூர் ஸ்டீயரிங்:
அதையேதான் நானும் சொல்கிறேன். எண் 6,000 ஆகட்டும், 5,000 ஆகட்டும், ஆய்வு முடிந்ததும் அரசாணையாக வரட்டும். திட்டுவதற்கு ஓட்டுக் கேட்டு வரும் ஆள் ஒருவர் வேண்டும்.