பொங்கல் பரிசுக்குத் தனிவெளியீட்டு நூல்கள்: கோவைக்கு எப்படி வரவழைப்பது?

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு வரும் உறவினர் பிள்ளைகளுக்கு, எழுத்தாளர்களே சொந்தச் செலவில் வெளியிட்ட தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளைப் பரிசளிக்க விரும்புகிறேன். பெரிய பதிப்பகங்களின் நூல்கள் எப்படியும் அவர்கள் கைக்குப் போய்விடும், இவை போவதில்லை. தேவை இருபது பிரதிகள், ஜனவரி 12-க்குள், கோயம்புத்தூரில்.

உள்ளூர்க் கடைகளில் இருப்பு இல்லை. இணையக் கடையில் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் (ஆர்டர் வந்த பிறகே அச்சிட்டு அனுப்புவது) மட்டுமே கிடைக்கிறது. மாதிரிக்கு வாங்கிய பிரதியில் உள்ஓரம் போதாமல் வரிகளின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் மறைந்திருந்தன, ஒருமுறை விரித்ததுமே தாள்கள் கழன்றன. ஆசிரியர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்கு நேரில் போகவும் இயலாத நிலை.

தனிவெளியீட்டு நூல்களை நல்ல பைண்டிங்குடன் இருப்பில் வைத்து, பொங்கலுக்கு முன் கோவைக்குக் கூரியரில் அனுப்பக்கூடிய விற்பனையாளர் எவரையேனும் உங்களுக்குத் தெரியுமா?