புதுப்பிப்பு: தாரா, ஜிம்னியா?

குளச்சலில் இருந்துகொண்டு பேச்சிப்பாறைப் பக்கம் மண்பாதைகளில் ஓட்ட எந்த வண்டி எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யூஸ்டு மாருதி ஜிம்னி ஒன்று எடுத்தாச்சு. மஹிந்திரா தாரில் பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள மாடலும் உண்டு, பழசு வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கணும். ஜிம்னியில் அந்தக் குழப்பம் இல்லை, எல்லாமே நாலு சக்கர இயக்கம் (ஃபோர்-வீல்) உள்ளவைதான்.

பெயின்டைப் பார்க்காதே, அடியில் படுத்துப் பார் என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அதுதான் காப்பாற்றியது. முதலில் பார்த்த பழைய ஜீப் மேலே பளபள, கீழே சேசிஸை (வண்டியின் அடிச்சட்டம்) ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் துரு உதிர்கிறது. கடற்கரை வண்டி, வேறென்ன! இப்போது மணலில் இறங்கி வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன்.

ஓடையில் ஆழமாக இறங்கினால் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பெட்டி) ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்றணும். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்-வீல் போடாதீர்கள். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே அதே வேலையைச் செய்யும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாததால் திருப்பத்தில் கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

கூடாரம் பற்றிக் கேட்டவர்களுக்கு: கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் தங்க முடியாது. நாங்கள் தெரிந்தவர் ரப்பர் தோட்டத்தில்தான் கூடாரம் அடிக்கிறோம். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.