பாட்டி வீடு 🏠

கார்த்திக்: 📷 படம்

கார்த்திக்: பாலு சித்தப்பா, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இது திடீரென்று முளைத்திருக்கு. நான் வாங்கி விடவில்லை. கடல் சாமந்தியா?

ரேவதி அத்தை: அழகா இருக்கே

தீபா: வளைகாப்புக்கு அலங்காரம் இலவசம் 😂

பாலு சித்தப்பா: நீல விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை விளக்கைப் போட்டு எடு.

கார்த்திக்: 📷 படம்

பாலு சித்தப்பா: சாமந்தி இனம்தான், பூ மாதிரி இருந்தாலும் அது பிராணி. பழுப்பு நிறம், கண்ணாடி மாதிரி தண்டு, உணர்கொம்புகள் நீண்டு ஊசியாக முடிகின்றன. ஐப்டேசியா என்று நினைக்கிறேன். கொம்பு குட்டையாக, நுனி உருண்டு, பச்சையோ ஊதாவோ அடித்தால் மஜானோ என்ற இன்னொரு வகை. இரண்டுமே தொல்லை. கோமாளி மீன் குடியிருக்கும் குமிழ்நுனிச் சாமந்தி என்று ஆசைப்படாதே, அதன் கொம்பு இன்னும் தடிமன். குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்.

முரளி மாமா: ஞாயிறு வேன் 7 மணிக்கா 8 மணிக்கா?

கார்த்திக்: தொட்டேன் சித்தப்பா. சட்டென்று ஓட்டைக்குள் போய்விட்டது. பின்பக்கம் குட்டி குட்டியாக இன்னும் நாலு.

பாலு சித்தப்பா: அப்போது ஐப்டேசியாவேதான். உயிர்ப்பாறை, அதாவது கடலில் இருந்து எடுத்த பவளப் பாறை, ஏதாவது வாங்கினாயா? பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற பட்டியல்!

கார்த்திக்: ஐயோ இல்லை, செராமிக் பாறைதான். நண்பன் தந்த கடல்பாசிக் கொத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.

முரளி மாமா: கத்தியால் சுரண்டி எறி. அஞ்சு நிமிஷ வேலை

பாலு சித்தப்பா: கூடவே கூடாது. அடியில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் அது தனிச் சாமந்தியாக வளரும்.

தீபா: மாமா கை வைத்தால் எல்லாமே அப்படித்தான். அப்பாவின் கிணற்று மோட்டார் 🙊

முரளி மாமா: மோட்டாரைத் திருப்பிக் கொடுத்தாச்சு

ரேவதி அத்தை: ஸ்டார்ட்டர் நம்ம மாடியில்தானே கிடக்கு

முரளி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாலு சித்தப்பா: கார்த்திக், கவனி. கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீற்றின சுண்ணாம்பை, கெட்டி மோர்ப் பதத்தில் கரை. தொட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் மெதுவாக அதன் வாய்மேல் விடு. அவசரப்பட்டால் சுருங்கிக்கொள்ளும். கையுறை போடு, கண்ணில் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விடாதே, தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும்.

ரேவதி அத்தை: தாம்பூலத்துக்கு வாங்கின சுண்ணாம்பு டப்பா இருக்கு. கொடுத்து விடவா?

பாலு சித்தப்பா: அக்கா, அது வேண்டாம். வாசனை கீசனை சேர்த்திருப்பார்கள்.

கார்த்திக்: பெப்பர்மின்ட் இறால் விட்டால் தின்றுவிடும் என்கிறார்களே?

பாலு சித்தப்பா: தின்னும், தின்னாமலும் இருக்கும். பெர்கியா என்றொரு கடல் நத்தை, ஓடு கிடையாது, ஐப்டேசியாவைத் தவிர எதையும் தொடாது. தின்று தீர்ந்ததும் அதுவே பட்டினி கிடந்து செத்துவிடும். இறால், நத்தை இரண்டையும் சேர்த்து விட்டால்…

ரேவதி அத்தை: பாலு, பாட்டி கேட்கிறாங்க, இது மாசமாயிருக்கிற பொண்ணுக்கு ஆகாதா?

பாலு சித்தப்பா: அதெல்லாம் ஒன்றுமில்லை. தொட்டிக்குள் கை விட்டால் சிலருக்கு அரிக்கும், அவ்வளவுதான்.

ரேவதி அத்தை: எதுக்கும் துணி போட்டு மூடிடு கார்த்திக்

கார்த்திக்: சுண்ணாம்பா இறாலா, ஒன்று சொல்லுங்கள். ஞாயிறுக்குள் முடிக்கணும்.

தீபா: அண்ணிக்கு கண்ணாடி வளையல் யார் வாங்குறது?

ரேவதி அத்தை: நாத்தனார் நீதானே

தீபா: நான் சிங்கப்பூரில் இருக்கேன் அத்தை 🙄

முரளி மாமா: வேன் 7 மணி. யாரும் பதில் சொல்லாததால் நானே சொல்லிட்டேன்