புதுப்பிப்பு: 1990 உயர்தர வகுப்புத் தோழிகளைத் தேடியது

1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்ததோடு தொடர்பறுந்த கல்லூரித் தோழிகளை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தேன். பாதிக்கு மேல் கிடைத்துவிட்டார்கள். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முகநூல் சரிவரவில்லை. கலியாணத்தோடு கணவரின் பெயர் சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுகிறார்கள். பழைய மாணவிகள் சங்கத்தின் லண்டன் கிளையால் ஓரிருவர் கிடைத்தார்கள்.

கைகொடுத்தது, பெற்றோரின் மரண அறிவித்தல்களைப் பார்க்கச் சொன்ன அண்ணையின் யோசனைதான். 'கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, பிள்ளைகளின் பெயர்கள், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவரவர் நாடு, அடியில் குடும்பத்தினரின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். ஆகவே தோழியின் பெயரை விட்டு, அவளின் அப்பாவின் பெயரையும் ஊரையும் தமிழில் போட்டுத் தேடுங்கள். எடுத்துக் கதைக்கும்போது முதலில் துக்கம் விசாரியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

எதிர்பாராத இரண்டு. நோர்வேயில் இருப்பதாக எல்லோரும் சொன்ன ஒருத்தி யாழ்ப்பாணத்திலேயே, திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். 'ஹலோ' என்றதுமே என் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், எனக்குப் பேச்சே வரவில்லை. இன்னொருத்தியின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அவளின் தாயைப் போய்ப் பார்த்து வந்தேன்.

வட்ஸ்அப் குழு தொடங்கியாயிற்று. நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் சந்திக்கப் போகிறோம். 1990 உயிரியல் பிரிவில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் தனிச்செய்தி போடுங்கள்.