அப்டேட்: பறவை வளைய டேட்டாவுக்கு ஸ்டாட்ஸ் உதவுமான்னு கேட்டிருந்தேனே

ஆபீஸ்ல கஸ்டமர் டேட்டா பார்க்குற எனக்குத் தெரிஞ்ச ஸ்டாட்ஸ் பறவை ஆராய்ச்சிக்கு ஆகுமான்னு போன த்ரெட்ல கேட்டேன்ல, கோடியக்கரைல பிஎன்எச்எஸ் (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) பண்ற பறவை வளைய வேலையைப் பத்திப் படிங்கன்னு சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றி. படிச்சாச்சு, தாராளமா ஆகும்.

வலையில சிக்குற உள்ளான்ங்கிற கரையோரப் பறவை காலுல நம்பர் போட்ட குட்டி உலோக வளையம் மாட்டி, றெக்கை நீளம், எடை எல்லாம் எழுதிட்டு விட்டுடறாங்க. அடுத்த சீசன்ல திரும்ப சிக்கினா 1, இல்லன்னா 0, இப்படியே ஒரு பறவையோட கதை 10100ன்னு ஒரு வரிசையாயிடுது. நடுவுல வர்ற 0 பிரச்சனையில்ல, உயிரோட இருந்துச்சு, நம்ம கைல சிக்கல, அவ்ளோதான். கடைசி ரெண்டு 0 தான் என்னைத் தூங்க விடல! செத்துப்போச்சா, இல்ல இருந்தும் சிக்கலையா?

இதைப் பிரிக்கத்தான் 1964-65ல கார்மாக், ஜாலி, சீபர் மூணு பேரும் போட்ட மாடல், பிழைக்குற வாய்ப்பு தனி, சிக்குற வாய்ப்பு தனின்னு கணக்குப் போடும். ஆனா செத்ததையும் ஒரேயடியா வேற எடத்துக்குப் போனதையும் அதால பிரிக்க முடியாது, அதனால சும்மா தங்கிட்டுப் போற பறவைங்க நிறைய வர்ற கோடியக்கரை மாதிரி எடத்துல பிழைப்பு விகிதம் நிஜத்தைவிடக் கம்மியாத்தான் தெரியும், இதை கண்டிப்பா கவனிக்கணும்.

வளையம் தேயுறது இன்னொரு தலைவலி, நம்பர் அழிஞ்சுட்டா எந்தப் பறவைன்னே தெரியாது. பசிபிக் கடல்ல இருக்குற மிட்வே தீவுல 1956ல வளையம் போட்ட விஸ்டம்ங்கிற ஆல்பட்ராஸ் கடற்பறவைக்கு அப்பப்போ வளையம் மாத்தினதாலதான் அதோட வயசே நமக்குத் தெரியுது.

இப்ப ஆர் (R)ங்கிற ஸ்டாட்ஸ் மென்பொருள்ல பொய் டேட்டா உருவாக்கி மாடல் ஓட்டிப் பழகிட்டிருக்கேன். வளையம் மாட்ட பர்மிட் வேணும், அது எனக்கு இல்ல, ஆனா டேட்டா சுத்தம் பண்ண ஆள் வேணும்னா சொல்லுங்க, வர்றேன்.